நான் பிடுங்கிப் போட்ட வேப்பிலை

பால்வாடியில் ஆயா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு எழுதுகிறேன். தப்பும் தவறுமாகத்தான் இருக்கும், மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம், எழுதுவது அதைவிடக் கஷ்டம். பாதியில் ஞாபகமும் தப்பும். எந்த மாதம், எந்த வருஷம் என்று கேட்டால் முழிப்பேன்.

சூப்பர்வைசர் அம்மா ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க, புதுசா வர்றவங்களுக்கு உதவும்" என்றபோது, ரிட்டயர் ஆகிப் போனவளிடம் இந்தம்மா எதற்கு இதைக் கேட்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. பழசு எதையாவது கிளறப் போகிறார்களோ என்று நாலு நாள் நோட்டைத் திறக்கவே இல்லை. என் புத்தி அப்படி. யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும். இந்த வேலையில் அந்தப் புத்தி எனக்கு ரொம்ப உதவியிருக்கிறது. ஒரே ஒரு தடவை என்னைக் குப்புறத் தள்ளியது. அந்த ஒரு தடவையை எழுதுகிறேன். சமையல், சத்துமாவு, ரிஜிஸ்தர் எல்லாம் உங்கள் டீச்சர் சொல்லித் தருவார்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். பேர் வேண்டாம். என் சர்வீஸ் முழுக்க அங்கேதான். சேர்ந்த புதிதில், எடை பார்க்கும் நாளன்று, ஒரு பிள்ளைக்குத் திடீரென்று எடை கூடியிருந்தது. டீச்சருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அந்தப் பிள்ளையின் நடை பிடிக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தது. டிராயர் பாக்கெட்டில் கையை விட்டால், வலையில் கட்டுகிற ஈயக் குண்டு மூன்று! அம்மாக்காரி போட்டு அனுப்பியிருக்கிறாள். "எடை கொறைஞ்சா டீச்சரு எல்லார் எதிர்லயும் திட்டுது, நான் இன்னா பண்றது?" என்றாள். அன்றிலிருந்து குப்பத்தில் எனக்கு 'போலீஸ் ஆயா' என்று பேர். வாயைத் திறக்கவே வெட்கப்படுகிறவளுக்கு அப்படி ஒரு பேர். வெளியே சிணுங்கினேன், உள்ளுக்குள் பிடித்திருந்தது. வினை அங்கே ஆரம்பித்தது.

இனி அம்மை விஷயத்துக்கு வருகிறேன். டவுன் பக்கமிருந்து வந்திருக்கும் பெண்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் அம்மை கண்டால் நோய் என்று சொல்ல மாட்டார்கள். 'ஆத்தா வந்துகிறா' என்பார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டால் வெளியாள் உள்ளே போகக் கூடாது. அந்த வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை உப்புகூட வெளியே போகாது. யாரும் தலை வார மாட்டார்கள். மீன் கிடையாது. அடுப்பில் எண்ணெய் காயாது, கடுகு வெடிக்காது. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை ஆத்தா அந்த வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று கணக்கு. நானும் அப்படி வளர்ந்தவள்தான். எனக்கும் சின்ன வயதில் வந்திருக்கிறது.

அப்போது எங்கள் பால்வாடிக்கு வந்துகொண்டிருந்த நர்ஸம்மா வேலைக்குப் புதுசு. விழுப்புரம் பக்கத்துப் பெண். புதன்கிழமைகளில் ஊசிப் பெட்டியோடு வருவார். எந்தெந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று சீட்டில் எழுதித் தருவார், நான் போய் அம்மாக்காரிகளைக் கூட்டிவர வேண்டும். ஊசி போட்டதும் பேரை அடித்துவிடுவார். அந்தச் சீட்டில் ஒரு பேர் மட்டும் அடிக்கப்படாமலே நின்றது. கடைசித் தெரு செல்வியின் பாப்பா. ஒன்பது மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை ஊசி. பாப்பாவுக்கு ஒரு வயசு தாண்டிவிட்டது.

முதல் தடவை நான் கூப்பிடப் போனபோது செல்வி வாசலில் வேப்பிலை. நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். "ஆத்தா வந்துகிறா ஆயா, போய்ட்டு இன்னொரு தபா வா" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு ஊசி கிடையாது, நர்ஸம்மாவும் சரி என்றுவிட்டார். நானும் நம்பினேன்.

ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து, மறுபடியும் புதன்கிழமை, மறுபடியும் வேப்பிலை. ஒரே பிள்ளைக்கு ஆத்தா இத்தனை சீக்கிரம் திரும்பி வருவாளா? அதுவும் புதன்கிழமை பார்த்து? நின்றேன். காற்று கடல் பக்கமிருந்து அடித்தது. செல்வி வீட்டிலிருந்து மீன் வறுக்கிற வாசனை வந்தது.

பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். செல்வி தலையை விரித்துப் போட்டுச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள். பாப்பா மண்ணில் உட்கார்ந்து சங்கரா மீன் துண்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு பொட்டு இல்லை.

"இன்னாடி செல்வி, ஆத்தா இந்தத் தபா சங்கரா மீனு கேட்டாளா?" என்றேன்.

சீப்பு கீழே விழுந்தது. "மெள்ளப் பேசு ஆயா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

"மெள்ள இன்னா? ஊசிக்குப் பயந்துகினு ஆத்தா பேர்ல பொய் சொல்றியே, உனக்குக் கூசல?"

"ஊசிக்கு எனக்கு இன்னா பயம்? நான் படகுல பொறந்தவ." பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஏழு வருசம் ஆயா. நான் ஏறாத கோயில் இல்ல. திருக்கழுக்குன்றம் மலையிலகூட முட்டி தேய ஏறிட்டு வந்தேன். கடைசியில நம்ம குப்பத்து ஆத்தாதான் குடுத்தா. 'இனிமே இது உன் பொண்ணு, நீயே பாத்துக்கோ'ன்னு அவ காலடியில போட்டு எடுத்துகினு வந்தேன். இப்ப அம்மை வராம இருக்க ஊசி போடுன்றீங்கோ. அவளையே காவலுக்கு வெச்சிட்டு, பின்னாலயே இன்னொரு ஆளையும் காவலுக்கு வெச்சா அவள நான் சந்தேகப்படற மாரி ஆவாதா? நீயே சொல்லு."

ஆளைச் சந்தேகப்படுவது எனக்குச் சாதாரணம். சாமியைச் சந்தேகப்படுவதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. பதில் தெரியாத கோபத்தோடு திரும்பி வந்து நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

நர்ஸம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "கண்டுபிடிச்சது சரி ஆயாம்மா. ஆனா அவங்களை அசிங்கப்படுத்திட்டா அப்புறம் எந்த ஊசிக்கும் வர மாட்டாங்க. கொஞ்சம் விட்டுப் பிடிப்போம்" என்றார்.

விட்டுப் பிடிக்க எனக்குப் பொறுமை இல்லை. போலீஸ் ஆயா அல்லவா!

மூன்றாவது தடவையும் புதன்கிழமைதான். நர்ஸம்மா அப்போது ஐந்து மாதம். வெயிலில் நடக்கச் சிரமப்படுகிறார் என்று நான்தான் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். கடைசித் தெருவில் திரும்பினால் செல்வி வாசலில் வேப்பிலை. பச்சைப் பசேலென்று, புதுசாக.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "பாத்தீங்களாம்மா? நம்மள மடச்சின்னு நெனச்சிகினா. வாங்க உள்ள, கையோட போட்டுட்டு வந்துடலாம்."

நர்ஸம்மா நின்றார். "நிச்சயமாத் தெரியுமா ஆயாம்மா? நெசமாவே அம்மையா இருந்தா நான் கிட்டப் போகக் கூடாது. வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆகாது."

"நான் சொல்றேன்ல? போன தபா என் கண்ணால பாத்தேன்."

"எனக்குச் சின்ன வயசுல வந்துச்சான்னும் தெரியாது."

"வந்தா இன்னா வராட்டி இன்னா, உள்ளதான் அம்மையே இல்லியே!"

அவர் இன்னும் தயங்கினார். தயக்கத்தைப் போக்குவதற்காக நான் ஒரு காரியம் செய்தேன். வாசல் நிலையில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்தை என் கையால் பிடுங்கிக் கீழே போட்டேன். எதிர்வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த கிழவி, "ஐயையோ ஆயா!" என்று கத்தினாள். நான் கதவைத் தள்ளினேன். எனக்குப் பின்னால் நர்ஸம்மா படியேறி உள்ளே வந்துவிட்டார்.

உள்ளே இருட்டு. தரையில் வெள்ளைத் துணி, துணிமேல் வேப்பிலை, வேப்பிலைமேல் பாப்பா. மூஞ்சி, வயிறு, உள்ளங்கால் எல்லாம் நீர் கோத்த கொப்புளம். சின்னம்மை. செல்வி தலைவிரி கோலமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். சண்டை போடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

"பாத்துக்கோ ஆயா. உன் கண்ணாலயே நல்லாப் பாத்துக்கோ" என்றாள்.

பெண்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். போன தடவை எனக்கு உண்மையைச் சொன்னது என் மூக்கு. இந்தத் தடவையும் அது சொல்லத்தான் செய்தது. வாசலில் நிற்கும்போதே மஞ்சளும் வேப்பிலையும்தான் மணத்தது. எண்ணெய் வாடை இல்லை, மீன் வாடை இல்லை. பகல் பதினோரு மணிக்குக் குப்பத்தில் ஒரு வீட்டில் மீன் வாடை இல்லையென்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவள் பொய்க்காரி என்று நான் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டேன். சந்தேகப்படுகிறவள் கடைசிவரை பார்க்க வேண்டும். நான் பாதியில் நிறுத்திவிட்டு, அதற்குச் சந்தேகம் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

நர்ஸம்மா சட்டென்று வெளியே போய்விட்டார். நான் ஓடினேன். சவுக்கு மரத்தடியில் குடத்துத் தண்ணீரில் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி நின்றார். அந்த நிலையிலும் செல்விக்குக் கேட்கும்படி, பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவர வேண்டும், நகத்தை வெட்டிவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். பிறகு ஊருக்குப் போன் போட்டார். அவருக்கு அம்மா இல்லை. அப்பாதான் எடுத்தார்.

"அம்மையா? ஒரு தடவை வூட்ல யாருக்கோ வந்துச்சும்மா... உனக்கா, உங்க அக்காவுக்கா? உங்கம்மா இருந்தா சொல்லியிருப்பா" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

நர்ஸம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்போது செல்வி வாசற்படிக்கு உள்ளே நின்றபடி கூப்பிட்டாள். படியைத் தாண்டவில்லை. "நர்ஸம்மா, இப்படித் திரும்பு. காதுக்குக் கீழ இன்னா அது, குழியாட்டம்?"

நர்ஸம்மா தடவிப் பார்த்தார். "பரு வந்த தழும்பா இருக்கும்."

"பரு இப்படிக் கிண்ணமா வெட்டாது. புருவத்தாண்டயும் ஒண்ணு கீது. அது ஆத்தா வெச்ச புள்ளி. உனக்கு எப்பவோ வந்துட்டுப் போயிட்டா. நீ பயப்படாத, புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது."

நர்ஸம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்குத் தெளியவில்லை. இரண்டு தடவை பொய் சொன்னவள். வேப்பிலையைப் பிடுங்கியவளைச் சபிக்காமல் எதற்கு ஆறுதல் சொல்கிறாள்? எங்களைத் தெருவை விட்டு அனுப்பப் பார்க்கிறாளா? அவள் சொன்னதை நம்பிக்கொண்டு நர்ஸம்மா சும்மா இருந்துவிட்டால்?

"அம்மா, அவ சொல்றத நம்பாதீங்கோ. டாக்டராண்ட போலாம் வாங்க" என்றேன்.

உள்ளிருந்து செல்வி சிரித்தது கேட்டது. "நான் பொய் சொன்னா நம்பின, நெசம் சொன்னா நம்ப மாட்டேன்ற. நல்ல போலீஸு நீ!"

அன்றைக்கே பஸ் ஏறிச் செங்கல்பட்டு போனோம். வழியெல்லாம் நர்ஸம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். டாக்டர் கேட்டுவிட்டு, முன்பே அம்மை வந்திருந்தால் பயமில்லை, வந்ததா என்று ரத்தத்தில் பார்த்தால் தெரியும், ரிசல்ட் வந்ததும் மேலே என்ன செய்யலாம் என்று சொல்கிறேன் என்றார். ரத்தம் எடுத்தார்கள்.

ரிசல்ட் வருகிறவரை நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. பால்வாடியில் சோறு குழைந்தது, உப்பு கூடியது. கோயிலுக்குப் போய்க் கும்பிடலாம் என்றால் கால் வரவில்லை. ஆத்தா பேரில் கட்டிய இலையைப் பிடுங்கிப் போட்ட கையை எப்படிக் கூப்புவது? செங்கல்பட்டு போய்வந்த மறுநாள் காலையில் கோயில் மரத்தில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு செல்வி வாசலுக்குப் போனேன். நிலையில் கட்டினேன். உள்ளே பாப்பா சிணுங்கிக்கொண்டிருந்தது.

"எறக்கிக் கட்டு ஆயா, காத்துக்குப் பிச்சிகினு போயிடும்" என்றாள் செல்வி. இறக்கிக் கட்டினேன்.

"உன்னைக் கேக்கணும்னு இருந்தேன்" என்று தெருவில் நின்றே சொன்னேன். "உன் வூட்டுக்காரரு கடலுக்குப் போறச்ச ஆத்தாவக் கும்பிட்டுத்தான போறாரு?"

"ஆமா."

"அப்பறம் ஏன் படகுல நங்கூரம் எடுத்துனு போறாரு? அது ஆத்தா மேல சந்தேகமா?"

உள்ளே விசிறுகிற சத்தம் நின்றது. நானும் நிற்கவில்லை. அன்றைக்குப் பின்வாசலில் அவள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்க அத்தனை நாள் ஆயிற்று. கோபத்தில் இருந்தபோது வராதது, பயத்தில் வந்தது.

ரிசல்ட் வந்தது. நர்ஸம்மாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருக்கிறது, வயிற்றுப் பிள்ளைக்குப் பயமில்லை. போனில் அதைச் சொல்லிவிட்டு நர்ஸம்மா அழுதார். நானும் பால்வாடி அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். செல்வி சொன்னது அச்சு அசலாகச் சரி. நான் அவளை நம்பாமல் ரத்தம் எடுக்க வைத்ததும் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது, அந்த வாசலில்.

பாப்பாவுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியபின் செல்வி தானாகப் பால்வாடிக்கு வந்தாள். "ஊசி போட்டுக்கறேன். ஆனா பால்வாடியில வாணாம். ஆத்தா கோயிலு எதிர்லயே போடணும்" என்றாள்.

"ஏண்டி?"

"இத்தினி நாளு அவ பேரச் சொல்லி உங்களாண்ட ஒளிச்சேன். இப்ப அவளுக்குத் தெரியாம உங்களாண்ட வந்தா அதுவும் ஒளிக்கறதுதான. அவ எதிர்ல போடுங்கோ. அவளும் பாக்கட்டும்."

நர்ஸம்மா, வந்துபோனது சின்னம்மை, இந்த ஊசி தட்டம்மைக்கு, இரண்டும் வேறு வேறு என்று பொறுமையாக விளக்கினார். செல்வி கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. பிள்ளை உடம்பு நன்றாகத் தேறட்டும் என்று கொஞ்ச நாள் விட்டு, ஒரு புதன்கிழமை, கோயில் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, நர்ஸம்மா ஊசி போட்டார். பாப்பா கத்திய கத்தலில் காக்கை எல்லாம் பறந்தது. அதற்கப்புறம் அந்தக் குப்பத்தில் ஊசி போடுகிற இடமே அந்த மரத்தடிதான் ஆயிற்று. வேப்பிலை கட்டி ஒளிகிற வீடுகூட அங்கே வரத் தயங்கவில்லை. செல்விக்கு முன்னால் வேறு வீடுகளும் அப்படி ஒளிந்திருந்தன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. போலீஸ் ஆயாவுக்குத் தெரியாமல்!

நர்ஸம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறது.

நீங்கள் வேப்பிலை கட்டிய வாசலைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருவில் நின்று குரல் கொடுங்கள். மூக்கை வைத்துப் பாருங்கள். கூட மாசமாக இருக்கிற பெண் இருந்தால் தெருமுனையிலேயே நிறுத்திவிடுங்கள். வேப்பிலை மேல் மட்டும் கை வைக்காதீர்கள்.

எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை இல்லை. ஊசி, மாதம், டாக்டர் சொன்னது எல்லாம் சரியா என்று அந்த நர்ஸம்மாவிடமே காட்டுங்கள். இப்போது அணுபுரம் பக்கம் வேலையாக இருப்பதாகக் கேள்வி. அப்படியே செல்வியிடமும் யாராவது போய்க் கேளுங்கள். முதல் தடவை வேப்பிலை கட்டியபோதும் பாப்பா உடம்பில் ஏதோ பொரிப்பொரியாக இருந்தது, அது பொய்யில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறாள். வேர்க்குருவாக இருக்கும் என்பது என் சந்தேகம். ஆனால் அன்றைக்கு நான் தெருவிலிருந்தே திரும்பிவிட்டேன், உள்ளே பார்க்கவில்லை. அதனால் அந்த ஒரு இடத்தில் மட்டும் அவள் என்ன சொல்கிறாளோ அதையே எழுதிக்கொள்ளுங்கள்.